மாண்டபெல்லோ டொர்னாடோ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2023 மார்ச் 22, புதன்கிழமை காலை 11 மணி தாண்டிக் கொஞ்ச நேரத்தில், லாஸ் ஏஞ்சலஸ் நகர மையத்துக்குக் கிழக்கே இருக்கும் மாண்டபெல்லோ ஊரில் ஒரு டொர்னாடோ இறங்கியது. இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துபோனது. ஆனால் அன்று தொடங்கிய கேள்விகள் இன்னும் முடியவில்லை. நான் அங்கிருந்து காரில் அரை மணி நேரத் தூரத்தில் இருக்கிறேன். வார இறுதியில் பிள்ளைகளைத் தமிழ் வகுப்புக்குக் கூட்டி வரும் பெற்றோர், கிடங்குகளில் வேலை பார்க்கும் நண்பர்கள், ஊரிலிருந்து போன் செய்யும் சித்தி, பெரியப்பா என்று எல்லோரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். 2024 டிசம்பரில் எங்களுக்கு வடக்கே, கலிபோர்னியாவிலேயே இருக்கும் ஸ்காட்ஸ் வேலி ஊரிலும் ஒன்று வந்ததும் அதே கேள்விகள் மறுபடி வந்தன. அவரவர் கேட்ட வார்த்தையிலேயே தொகுத்து, பதிலைக் கீழே எழுதியிருக்கிறேன்.

தம்பி, டொர்னாடோன்னா நம்ம ஊர்ப் புயல்தானே? கஜா மாதிரி?

இல்லை சித்தி. கஜா 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையேறியது. கடலில் பிறந்து, பல நாள் நகர்ந்து, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலத்துக்குப் பரந்து வந்தது. பெயர் வைத்து, எங்கே எப்போது கரையேறும் என்று முன்கூட்டியே சொல்ல நேரம் இருந்தது. டெல்டா மாவட்டங்களில் தென்னந்தோப்புகள் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன.

டொர்னாடோ ஒரு இடிமேகத்தின் அடியிலிருந்து தரையைத் தொடும் ஒற்றைச் சுழல். மாண்டபெல்லோவில் அதன் அகலம் சுமார் 45 மீட்டர். தரையில் அது ஓடிய தூரம் முக்கால் கிலோமீட்டர்கூட இல்லை. ஒரு கட்டிடத்தின் கூரை பிய்ந்து கிடக்க, தெரு தாண்டி நிற்கும் கட்டிடத்தில் ஒரு கண்ணாடிகூட உடையாமல் இருக்கும். இதற்குப் பெயரும் வைப்பதில்லை, வைக்க நேரமும் இருக்காது.

சென்னை வானிலை அறிக்கைல 'சூறாவளிக் காற்று மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்தில்'னு சொல்றாங்களே, அது என்ன?

அது கடலிலும் கரையோரத்திலும் திடீர் திடீரென வேகமெடுத்து வீசும் பலத்த காற்று. அதில் சுழல் இல்லை. தமிழில் 'சூறாவளி' என்ற ஒரே சொல்லைப் பலத்த காற்றுக்கும், வங்கக் கடல் புயலுக்கும், அமெரிக்க டொர்னாடோவுக்கும் செய்திகளில் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். குழப்பத்தில் பாதி அங்கேதான் தொடங்குகிறது. அதனால்தான் இந்தப் பக்கம் முழுக்க 'டொர்னாடோ' என்றே எழுதுகிறேன். வெயில் காலத்தில் புழுதியையும் சருகையும் தூக்கிக்கொண்டு ஓடும் சுழிக்காற்றும் வேறு. அது தரைச் சூட்டில் கிளம்புவது, அதற்கு மேகமே வேண்டாம்.

அங்க என்னதான் சேதம் ஆச்சு? வீடியோல ஏதோ பறந்துச்சு, அவ்வளவுதான் தெரிஞ்சது.

வாஷிங்டன் புலவார்ட் என்ற சாலையை ஒட்டிய கிடங்குப் பகுதியில்தான் பெரும்பாலான அடி. 17 கட்டிடங்கள் சேதமடைந்தன. அதில் 11 கட்டிடங்களுக்கு 'உள்ளே நுழையக் கூடாது' என்ற சிவப்பு அட்டை ஒட்டினார்கள். ஒரு கூரை துண்டு துண்டாகப் பிய்ந்து வானில் வட்டமிட்டதைத்தான் நீங்கள் வீடியோவில் பார்த்தீர்கள். நிறுத்தியிருந்த கார்களின் கண்ணாடிகள் நொறுங்கின. மின்கம்பம் ஒன்று முறிந்தது, நன்றாக இருந்த பெரிய பைன் மரம் ஒன்று வேரோடு சாய்ந்தது. ஒருவருக்குக் காயம். உயிரிழப்பு இல்லை.

முந்தின நாள் மார்ச் 21 அன்று, கடற்கரையோரமாக வடமேற்கே உள்ள கார்ப்பின்டீரியாவிலும் ஒரு டொர்னாடோ இறங்கி, நகரும் வீடுகள் (மொபைல் ஹோம்) நிற்கும் குடியிருப்பு ஒன்றில் சுமார் 25 வீடுகளைச் சேதப்படுத்தியது. அது செய்தியில் அவ்வளவாக அடிபடவில்லை. அங்கே இருந்தவர்கள் பலரும் வயதானவர்கள்.

இ.எஃப்-1னா என்ன? 'பலவீனமான டொர்னாடோ'ன்னு டிவில சொன்னாங்க. அப்ப பயப்பட ஒண்ணுமில்லதானே?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன். சிகாகோ பல்கலைக்கழகத்தில் இருந்த ஜப்பானிய விஞ்ஞானி டெட்சுயா ஃபூஜிட்டா 1971-இல் டொர்னாடோவின் வலிமைக்கு ஒரு தரப்பட்டியல் கொண்டுவந்தார். அதைத் திருத்தி, இ.எஃப் (Enhanced Fujita, அதாவது மேம்படுத்திய ஃபூஜிட்டா) என்ற பெயரில் 2007 முதல் அமெரிக்காவில் பயன்படுத்துகிறார்கள். இ.எஃப்-0 முதல் இ.எஃப்-5 வரை ஆறு படிகள். கீழ்ப்படியில் மணிக்கு 105 முதல் 137 கிலோமீட்டர் வேகம். அடுத்ததான இ.எஃப்-1-இல் 138 முதல் 177 வரை. உச்சியில் இருக்கும் இ.எஃப்-5 என்றால் 322-க்கு மேல். முதல் இரண்டு படிகளையும் 'பலவீனமானவை' என்று வகைப்படுத்துவது துறை வழக்கம். 322-ஐயும் பார்த்தவர்களுக்கு 177 சிறியதாகத் தெரிவதில் வியப்பில்லை.

ஆனால் மாண்டபெல்லோவில் கணித்த உச்ச வேகம் மணிக்கு 110 மைல், அதாவது 177 கிலோமீட்டர். இ.எஃப்-1-இன் மேல் விளிம்பு. அந்த வேகத்தில் வரும் காற்று ஒரு சதுர மீட்டர் சுவரில் ஏறத்தாழ 150 கிலோ எடை சாய்ந்ததுபோல் அழுத்தும். வீட்டுக் கதவு ஒன்றின் பரப்பு சுமார் இரண்டு சதுர மீட்டர். முந்நூறு கிலோவைத் தள்ளிப் பிடிக்க யாரால் முடியும்? இன்னொன்று, வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். கார்ப்பின்டீரியாவில் உச்ச வேகம் 120 கிலோமீட்டர்தான். மாண்டபெல்லோ வேகம் அதைப்போல் ஒன்றரை மடங்குக்கும் குறைவு, ஆனால் அழுத்தம் இரு மடங்குக்கு மேல்.

'பலவீனம்' என்பது மற்ற டொர்னாடோக்களோடு ஒப்பிட்டுச் சொன்ன சொல். தகரத் துண்டு முகத்தில் வந்து மோதுகிறவருக்கு அந்த ஒப்பீட்டால் பயன் இல்லை. ஒருவருக்குத்தான் காயம் என்பதைக் காட்டி 'ஒன்றுமில்லை' என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

காத்து வேகத்தை யாரு அளந்தாங்க? அங்க மெஷின் இருந்துச்சா?

இல்லை. 45 மீட்டர் அகலச் சுழல் சரியாக ஒரு காற்றுமானியின் மேலே போவது அபூர்வம், போனால் கருவி தப்பாது. தேசிய வானிலைச் சேவையின் ஆட்கள் நேரில் போய்ச் சேதத்தைப் பார்த்துப் பின்னோக்கிக் கணக்கிடுகிறார்கள். வீடு, கிடங்கு, மின்கம்பம், மரம் என 28 வகைப் பொருள்களுக்கு, 'இது இந்த அளவு உடைய இவ்வளவு வேகம் வேண்டும்' என்று அட்டவணை வைத்திருக்கிறார்கள். மாண்டபெல்லோவில் முறிந்த கம்பமும் சாய்ந்த பைன் மரமும் அப்படிச் சாட்சியானவை.

இதில் ஒரு குறை உண்டு. சுழல் வெறும் பொட்டலில் போனால் உடைய எதுவும் இல்லை, தரமும் குறைவாகவே வரும். அதோடு, கொடுக்கப்படும் எண் பாதையில் எங்கோ ஓரிடத்தில் இருந்த உச்சம் மட்டுமே. பாதை முழுக்க அதே வேகம் இருந்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அது டொர்னாடோதான், சும்மா பலத்த காத்து இல்லைன்னு எப்படிச் சொல்றாங்க?

விழுந்தவை எந்தப் பக்கம் பார்த்து விழுந்திருக்கின்றன என்பதுதான் தடயம். மேகத்திலிருந்து காற்று மொத்தமாகத் தரையில் கொட்டினால், தண்ணீர்க் குடம் தரையில் விழுந்து உடைந்ததுபோல் எல்லாம் வெளிப்பக்கமாக விரிந்து கிடக்கும். டொர்னாடோவில் குறுகலான பாதை இருக்கும். அதன் இரு ஓரத்திலும் மரங்கள் எதிரெதிராக, உட்பக்கம் பார்த்து விழுந்திருக்கும். மாண்டபெல்லோவில் வீடியோவும் இருந்ததால் சந்தேகமே எழவில்லை.

மாறாக நடந்ததும் உண்டு. 2024 டிசம்பர் 14 விடிகாலை சான் ஃபிரான்சிஸ்கோ நகரத்துக்கு முதன்முறையாக டொர்னாடோ எச்சரிக்கை விடுத்தார்கள். பிறகு போய்ப் பார்த்தபோது அது சுழல் இல்லை, நேராக வீசிய பலத்த காற்று என்று தெரிந்தது. அதே நாள் பிற்பகல் அந்த நகரத்துக்குத் தெற்கே ஸ்காட்ஸ் வேலியில் உண்மையான டொர்னாடோ, அதுவும் இ.எஃப்-1, கடைத்தெருப் பக்கம் இறங்கிக் கார்களைப் புரட்டிப் போட்டது. சிலர் காயமடைந்தார்கள். அங்கே டொர்னாடோ எச்சரிக்கை வரவில்லை.

அது எப்படி? எச்சரிக்கை கொடுத்த எடத்துல வரல, வந்த எடத்துல கொடுக்கல. இவ்ளோ சாட்டிலைட் எதுக்கு?

கோபம் புரிகிறது. ஆனால் ரேடார் பார்க்கும் விதத்தைத் தெரிந்துகொண்டால் பழி போடத் தோன்றாது. ரேடார் கதிர் நேராகப் போகும், பூமி வளைந்து கீழே இறங்கும். தொலைவு கூடக்கூடக் கதிர் உயரே போய்விடும். இங்கே ரேடார்களும் மலை மேல்தான் நிற்கின்றன. கலிபோர்னியாவின் டொர்னாடோ மேகங்கள் நடு அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் எழும் ராட்சச மேகங்கள்போல் இல்லை. குட்டையானவை. சுழற்சி தாழ்வாக, சிறியதாக இருக்கும். கதிர் அதன் தலைக்கு மேலேயே போய்விடலாம். ரேடார் ஒரு முழுச் சுற்றுப் பார்த்து முடிக்கவே சில நிமிடங்கள் ஆகும். மாண்டபெல்லோ டொர்னாடோவின் ஆயுளே அவ்வளவுதான்.

ஒன்றைத் தெளிவாகப் பிரித்துக்கொள்ளுங்கள். 'டொர்னாடோ வாட்ச்' என்றால் வரக்கூடிய சூழல் இருக்கிறது, காதைத் திறந்து வையுங்கள் என்று பொருள். 'டொர்னாடோ வார்னிங்' என்றால் ரேடாரிலோ கண்ணிலோ பட்டுவிட்டது, அந்த நொடியே உள்ளே போக வேண்டும். வார்னிங் வந்தால் போன் அலறும். ஆனால் இங்கே வருகிற சின்ன டொர்னாடோக்களுக்கு அது அலறாமலும் போகலாம். இடியோடு பேய்மழை பெய்யும்போது வெளியே ஒழுங்கில்லாமல் குப்பை சுழன்றால், போனைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள்.

லாஸ் ஏஞ்சலஸ்ல வெயிலுதானே அடிக்கும்? அங்க எப்படி டொர்னாடோ?

அமெரிக்காவில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேல் டொர்னாடோக்கள் வருகின்றன. கலிபோர்னியாவின் பங்கு சராசரியாகப் பத்தை ஒட்டி. நடுநாட்டில் ஏப்ரல் முதல் ஜூன் வரை காலம் என்றால், இங்கே பெரும்பாலும் மழைக்காலம், அதாவது நவம்பர் முதல் மார்ச் வரை. 2023-இன் தொடக்கத்தில் பசிபிக் கடலிலிருந்து மழை அடுத்தடுத்து வந்துகொண்டே இருந்தது. மார்ச் 21, 22-இல் வந்த தாழ்வு மண்டலம் உயரத்தில் கடுங்குளிர்க் காற்றைக் கொண்டுவந்தது. மேலே குளிர், கீழே கடல் ஈரம் கலந்த வெதுவெதுப்பு. கீழ்க்காற்று சட்டென்று மேலெழ இதுவே போதும்.

மீதியை நில அமைப்பு செய்கிறது. இந்தப் படுகையின் வடக்கே மலை, தெற்கிலும் மேற்கிலும் வளைந்த கடற்கரை. தரைக்காற்று மலையில் முட்டித் திசை திரும்பும், உயரத்தில் காற்று வேறு திசையில் வீசும். இரண்டுக்கும் இடையில் காற்று உருளத் தொடங்கும். மேலெழும் காற்று அந்த உருளலை நிமிர்த்தி இழுக்கும்போது அது ஒல்லியாகி வேகமெடுக்கும். தட்டாமாலை சுற்றும் பிள்ளை நீட்டிய கையை மடக்கினால் சுற்று வேகம் கூடுமே, அதேதான்.

மலை இருக்கிற ஊர்லயும், பெரிய பில்டிங் இருக்கிற ஊர்லயும் டொர்னாடோ வராதுன்னு கேள்விப்பட்டேனே?

மலையே இங்கே டொர்னாடோவுக்கு உதவுகிறது என்று இப்போதுதான் பார்த்தோம். உயர்ந்த கட்டிடங்களும் தடுப்பதில்லை. 1999 ஆகஸ்ட் 11 அன்று மலை சூழ்ந்த சால்ட் லேக் சிட்டியின் நகர மையத்திலேயே இறங்கியது, ஒருவர் இறந்தார். 2006 டிசம்பர் 7-இல் லண்டனின் கென்சல் ரைஸ், 2007 ஆகஸ்ட் 8-இல் நியூயார்க்கின் புரூக்ளின். நகர மையம் என்பது நிலப்பரப்பில் ஒரு சின்னப் புள்ளி, அதனால் அடி அபூர்வமாக விழுகிறது. வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

1983-க்கு அப்புறம் இதுதான் பெருசுன்னு சொன்னாங்க. நாப்பது வருஷத்துக்கு ஒரு தடவைன்னா அடுத்தது 2063தானே? நம்ம காலத்துல வராது!

1983 மார்ச் 1-இல் தெற்கு லாஸ் ஏஞ்சலஸைத் தாக்கியது இன்னும் வலியது. மாநாட்டு மையத்தின் கூரை சேதமடைந்தது, முப்பது பேருக்கு மேல் காயம். அதற்குப் பிறகு இந்தப் பெருநகரப் பகுதியில் மாண்டபெல்லோதான் வலியது. அந்தச் செய்தி உண்மை. ஆனால் அதிலிருந்து நீங்கள் போட்ட கணக்கு தவறு. காற்றுக்கு நாட்காட்டி கிடையாது. இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளில் சிறியவை வந்துகொண்டுதான் இருந்தன. 2023-இலேயே அடுத்தடுத்த இரண்டு நாளில் இரண்டு வந்ததை மேலே பார்த்தீர்கள்.

முன்னாடியெல்லாம் இப்படிக் கேள்விப்படலயே. காலநிலை மாற்றத்தாலதான் இதெல்லாமா?

ஒரு டொர்னாடோவைக் காட்டி அப்படிச் சொல்ல முடியாது. 1990-களில் டாப்ளர் ரேடார் வந்தது, பிறகு எல்லோர் கையிலும் கேமரா போன் வந்தது. முன்பு யாரும் எழுதி வைக்காத சின்னச் சின்னச் சுழல்கள் இப்போது பதிவாகின்றன. அமெரிக்கப் பதிவுகளில் கூடியிருப்பது இந்தச் சிறியவைதான். வலியவற்றின் எண்ணிக்கை அப்படி ஏறவில்லை. காலநிலை மாற்றம் கவலைப்பட வேண்டிய விஷயம், அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. அதற்குச் சான்றாக மாண்டபெல்லோவை மட்டும் இழுக்க வேண்டாம்.

இந்தியால இதெல்லாம் கிடையாதுல்ல?

உண்டு. 2024 மார்ச் 31-இல் மேற்கு வங்கத்தின் ஜல்பாய்குரி, மைனாகுரி பக்கம் டொர்னாடோ தாக்கி உயிர்களைப் பறித்தது. உலகிலேயே அதிகம் பேரைக் கொன்ற டொர்னாடோவாகப் பதிவானது 1989 ஏப்ரல் 26-இல் வங்கதேசத்தில் வந்தது. ஏறத்தாழ 1,300 பேர் மாண்டார்கள்.

இங்க வீடுகள்ல பேஸ்மென்ட்டே இல்லையே அண்ணா, எங்க போய் ஒளியறது?

கீழ்த்தளம். வீட்டின் நடுப்பகுதி. ஜன்னல் இல்லாத சின்ன அறை. பெரும்பாலான வீடுகளில் அது குளியலறையாகவோ துணி அலமாரியாகவோ மாடிப்படிக்குக் கீழுள்ள இடமாகவோ இருக்கும். உங்களுக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவில் எத்தனை சுவர் வருகிறதோ அவ்வளவு நல்லது. உட்கார்ந்து குனிந்து, தலையையும் பிடரியையும் கையால் மூடுங்கள். மெத்தையோ கனத்த போர்வையோ கைக்கெட்டினால் மேலே இழுத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளுக்குச் சைக்கிள் ஹெல்மெட் மாட்டுங்கள். காயப்படுத்துவது பெரும்பாலும் காற்று தூக்கி வீசும் பொருள்கள்தான்.

இங்கே எல்லோருக்கும் நிலநடுக்கப் பழக்கம் ஊறியிருக்கிறது. 'குனி, மறை, பற்றிக்கொள்' என்று இருந்த இடத்திலேயே மேசைக்கடியில் போவார்கள். அந்த மேசை ஜன்னலோரம் இருந்தால் டொர்னாடோவுக்கு அது தப்பான இடம். நிலம் ஆடும்போது நடக்க முடியாது, அதனால் இருந்த இடத்தில் மறைகிறோம். டொர்னாடோவின்போது உள்ளறைக்கு நடந்து போக முடியும். போய்விட வேண்டும்.

ஜன்னலைத் திறந்து வச்சா பிரஷர் சமமாகி வீடு வெடிக்காதாமே?

பழைய நம்பிக்கை, தவறானது. வீட்டுக்குள் காற்றை விட்டால் அது கூரையை உள்ளிருந்து மேலே தள்ளும். வெளியே கூரைக்கு மேல் விரையும் காற்றும் மேலேயே இழுக்கும். இரண்டும் சேர்ந்தால் கூரை கழன்றுவிடும். திறக்கப் போகிற அந்தச் சில நொடிகளில் நீங்கள் கண்ணாடிக்கு நேர் எதிரே வேறு நிற்கிறீர்கள்.

நான் வேர்ஹவுஸ்ல வேலை. சுத்தி கான்கிரீட் சுவர்தானே, அங்கயே சேஃப்தானே?

சுவரைப் பார்த்து ஏமாறாதீர்கள், கூரையைப் பாருங்கள். லாஸ் ஏஞ்சலஸ் கிடங்குகளில் பல, கான்கிரீட் பலகைகளைத் தூக்கி நிறுத்தி, மேலே அகன்ற தட்டைக் கூரை போட்டவை. வெளிச்சத்துக்குக் கூரையில் பிளாஸ்டிக் திறப்புகள், லாரிக்கு உருளும் பெரிய கதவுகள். அந்தக் கதவு உள்ளே மடங்கினால், ஜன்னலைப் பற்றிச் சொன்னதே இங்கே பல மடங்காக நடக்கும். கூரை போய்விட்டால் சுவருக்கும் மேலே பிடிமானம் இல்லை.

அதனால் அடுக்குகளுக்கு இடையிலும் லோடிங் கதவுப் பக்கமும் நிற்காமல், உள்ளே தனியாகக் கட்டியிருக்கும் கழிப்பறைக்கோ சிறிய அலுவலக அறைக்கோ போங்கள். ஷிப்ட் தொடங்கும்போது அந்த இடத்தை ஒரு தடவை கண்ணால் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மேற்பார்வையாளரிடம் கேட்கவும் தயங்க வேண்டாம்.

கார்ல இருக்கும்போது வந்தா? ஃப்ரீவே பாலத்துக்கு அடில நிறுத்தலாமா?

பாலத்தடி வேண்டாம். அந்த ஒடுக்கத்தில் காற்று இன்னும் வேகமாகப் பாயும், மறைவும் கிடையாது. பக்கத்தில் உறுதியான கட்டிடம் இருந்தால் இறங்கி உள்ளே ஓடுங்கள். எதுவும் இல்லை, வந்தே விட்டது என்றால் ஓரமாக நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றாமல் கண்ணாடி மட்டத்துக்குக் கீழே குனிந்து தலையை மூடுங்கள். ஸ்காட்ஸ் வேலியில் கார்கள் புரண்டதை நினைவில் வையுங்கள். நகரும் வீட்டில் இருப்பவர்களுக்கும் இதே கவலைதான். வானிலை மோசமாகும் என்று முன்கூட்டியே தெரிந்தால் வேறு வீட்டுக்குப் போய்விடுவது நல்லது.

சேதம் ஆனா இன்சூரன்ஸ் வருமா? நிலநடுக்கம் மாதிரி தனியா எடுக்கணுமா?

வழக்கமான வீட்டுக் காப்பீட்டில் காற்றுச் சேதம் அடங்கும், டொர்னாடோவும் அதில் சேரும். தனிப் பாலிசி வேண்டியது நிலநடுக்கத்துக்கும் வெள்ளத்துக்கும்தான். பிய்ந்த கூரை வழியாக மழை உள்ளே வந்தால் அது காற்றுச் சேதம், தரைவழி ஏறிய தண்ணீர் வெள்ளம். இந்த வேறுபாட்டில்தான் பலர் வாக்குவாதத்தில் மாட்டுகிறார்கள், எனவே எதையும் அப்புறப்படுத்துமுன் படம் எடுங்கள். காருக்கு, மோதல் அல்லாத சேதத்தை ஏற்கும் 'காம்ப்ரிஹென்சிவ்' காப்பீடு இருக்க வேண்டும். வாடகை வீடு என்றால் உரிமையாளரின் பாலிசி உங்கள் சாமானுக்கு வராது.

சிவப்பு அட்டை ஒட்டிய கட்டிடத்துக்குள் 'பாஸ்போர்ட்டை மட்டும் எடுத்துட்டு வந்துடறேன்' என்று போகாதீர்கள். அறுந்த கம்பி செத்துக் கிடப்பதுபோல் தெரிந்தாலும் அருகே போகாதீர்கள். எரிவாயு வாடை வந்தால் மட்டும், வெளியே இருக்கும் வால்வைப் பாதுகாப்பாக எட்ட முடிந்தால் மூடுங்கள். ஒருமுறை மூடினால் திரும்பத் திறக்க நிறுவனத்து ஆள்தான் வர வேண்டும்.

அம்மா அப்பா ஊர்லருந்து வந்திருக்காங்க, பகல்ல தனியாத்தான் இருக்காங்க. இங்கிலீஷ் வராது. அலர்ட் வந்தா அவங்க என்ன பண்ணுவாங்க?

அந்த அவசரச் செய்தி போனில் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் வரும், தமிழில் வராது. ஊர் சிம்மோடு இருக்கும் போனை இதற்கு நம்ப வேண்டாம். இங்குள்ள சிம் போட்ட போன் ஒன்றை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். அந்த அலறல் சத்தத்தை ஒரு தடவை அவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள். முதல்முறை கேட்டால் யாரும் பதறிப்போவார்கள், பெரியவர்கள் 'வெளியே என்ன சத்தம்' என்று பால்கனிக்குத்தான் முதலில் போவார்கள்.

என் அம்மா வந்திருந்தபோது ஃபிரிட்ஜ் கதவில் பெரிய எழுத்தில் ஒரு தாள் ஒட்டினேன்: 'போன் அலறினாலோ, வெளியே குப்பை சுழன்று பறந்தாலோ, அடுப்பை அணைத்துவிட்டு நடுக் குளியலறைக்குள் போகவும். கதவைச் சாத்திக் கீழே உட்காரவும். போர்வையால் தலையை மூடவும். நான் கூப்பிடும்வரை வெளியே வர வேண்டாம். கூப்பிட முடியாவிட்டால் அரை மணி நேரம் கழித்து வரலாம்.' கடைசி வரி அம்மா கேட்டுச் சேர்த்தது. 'உன்னால கூப்பிட முடியலன்னா?' என்றார்.